வெறுங்கைச் செய்முறை

லியூஷுபா
அக்டோபர் 12, 2003

அன்புள்ள யின்ஹுவா அக்காவுக்கு,

நலம்தானே? இருமல் விட்டதா? நானும் உன் மகளும் இங்கே நலம். விடுதியில் தினமும் உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோசும். அது வெறுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் சுன்யா என் அறைக்கு வருகிறாள். மிளகாய் வறுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்து சட்டியைக் காலி செய்துவிட்டுப் போகிறாள்.

ஒரு செய்தி. மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் இந்த ஆண்டு முதல் உயிரியல் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. மே மாதம் மாவட்ட நகரத்தில் நடக்கும். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் பரப்பி, அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் செல்லைப் பார்த்து வரைய வேண்டும். வகுப்பில் பாதிப் பேரைத்தான் மேல்நிலைப் பள்ளி எடுக்கும். சுன்யாவுக்குக் கணக்கு தள்ளாடுகிறது, ஆங்கிலம் அதைவிட மோசம். இந்த மதிப்பெண் கிடைத்தால் சேர்க்கைக்கான மதிப்பெண் கோட்டைத் தாண்டிவிடுவாள்.

எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இல்லாமல் இல்லை. போன வருடம் யாரோ புண்ணியவான் நன்கொடை கொடுத்தார். சிவப்பு ரிப்பன்கூடக் கழற்றாமல் பூட்டிய அறையில் இருக்கின்றன. தலைமையாசிரியர் தெங்கிடம் சாவி கேட்டேன். "உடைஞ்சா யார் பதில் சொல்றது, பான் வாத்தியாரே? நீங்களா? நீங்களே தற்காலிகம்" என்றார். கருவி இல்லாமலே பழக்கலாமாம், அசைவுகளை மனப்பாடம் செய்தால் போதுமாம்.

ஆகவே இப்போது தினமும் நான் முன்னே நின்று கத்துகிறேன்: இடது கண் குழாயில், வலது கண் திறந்தபடி, பெரிய திருகை மெல்லத் திருப்பு. வகுப்பு முழுக்க வெறுங்கையால் காற்றைத் திருகுகிறது. தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குப் பேய் ஓட்டுகிற மாதிரி இருக்கும். தியே என்றொரு பையன், "சார், என் மைக்ராஸ்கோப்புல உங்க மூக்குதான் தெரியுது" என்றான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வகுப்பை விட்டு வந்த பிறகு சுவரைக் குத்தலாம் போல இருந்தது.

அந்த மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் நீ நாள் முழுக்க நுண்ணோக்கியில்தான் கண்ணை வைத்திருக்கிறாய். புதிதாகப் பார்ப்பவர்கள் எங்கே தவறுவார்கள்? எழுது.

உன் தம்பி
ஷோயி

---

டோங்குவான்
நவம்பர் 9, 2003

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. குளிர் தொடங்கியிருக்கும், கரி வாங்கிவிட்டாயா? இருமல் போய்விட்டது. இங்கே வேலை அதிகம்.

புதுப் பெண்கள் எல்லாரும் கண்ணைக் குழாயோடு ஒட்டிவைத்துவிடுவார்கள். தங்கள் இமைமயிரின் நிழலைப் பார்த்துவிட்டு அதையே சரக்கென்று நினைப்பார்கள். கண்ணுக்கும் குழாய்க்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். லென்ஸைக் கீழே இறக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல். உள்ளே பார்த்துக்கொண்டே இறக்கினால் கண்ணாடி நொறுங்கிவிடும். ஏற்றும்போதுதான் உள்ளே பார்க்க வேண்டும். இதெல்லாம் காற்றில் வராது ஷோயி.

இன்னொன்று. இங்கே பதினாறு முடிந்த பெண் வந்தால் நல்ல கண் என்று அள்ளிக்கொள்கிறார்கள். பதினாறு முடிந்ததாக அடையாள அட்டை இருந்தாலும் போதும். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ராத்தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறாள். சுன்யாவின் அப்பாவைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது. என்னை இது எடுத்துக்கொள்ளட்டும். அவள் இந்த வரிசைக்கு வரக் கூடாது. அவளை மேல்நிலைப் பள்ளிக்குள் தள்ளிவிடு. உன்னிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

லியூஷுபா
ஜனவரி 10, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நம் சந்திரப் புத்தாண்டுக்கு வருகிறாய் அல்லவா? ஊரெங்கும் பன்றி அறுக்கிறார்கள். தியேயின் வீட்டில் அறுத்தபோது இதயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தெங் வெளியே போயிருந்தார்.

இதயத்தில் குழாயை மாட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே போகிறது, கீழிருந்து ஊற்றினால் ஏறவில்லை. பிள்ளைகளை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். சுன்யா முழங்கை வரை ரத்தத்தோடு நின்று, "மாமா, கதவு ஒரு பக்கந்தான் தெறக்குது" என்றாள். பள்ளியில் மாமா என்று கூப்பிடாதே என்று எத்தனை முறை சொல்வது. ஒருத்தி இதயத்தை அறுப்பதற்கு முன்பே பாடப்புத்தகப் படத்தை அழகாக வரைந்து, நிறமும் தீட்டி வைத்திருந்தாள். அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு எல்லாருக்கும் சொன்னேன்: "காணாததை வரையாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. அதுவும் பதில்தான்."

அப்போது தெங் உள்ளே வந்தார். "இது பள்ளிக்கூடமா, கசாப்புக் கடையா?" என்று தட்டோடு பிடுங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் வீட்டு அடுப்பிலிருந்து மிளகாயும் பூண்டுமாக மணம் வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று மோப்பம் பிடித்தார்கள். சுன்யா சொன்னாள்: "தலைமையாசிரியர் இப்போ செரிமான மண்டலம் நடத்துறாரு."

எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது, நிலையத்துக்கு வருகிறேன்.

ஷோயி

---

டோங்குவான்
பிப்ரவரி 6, 2004

தம்பிக்கு,

புத்தாண்டு நன்றாகக் கழிந்ததா? ரயில் சீட்டு கிடைக்கவில்லை. வேலையும் விடவில்லை. கோபிக்காதே. பசையரிசிப் பணியாரம் இங்கேயும் போட்டார்கள், தின்றேன்.

சுன்யாவுக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். பச்சை என்று நினைத்து எடுத்தேன். பக்கத்துப் படுக்கை அயேன் அது பழுப்பு என்கிறாள். கடை வெளிச்சம் அப்படி. போட்டுக்கொள்ளச் சொல், சூடாக இருக்கும்.

எழுத்து பெரிதாக இருக்கிறதென்று சிரிக்காதே. விளக்கு மங்கல்.

அந்தப் பூட்டை எப்படியாவது திறக்கப் பார். ஒரு தடவையாவது அவள் நிஜக் கருவியில் கண் வைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

லியூஷுபா
மார்ச் 21, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார்களா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பூட்டு திறந்தது, நான் கேட்டதற்காக அல்ல. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். முந்தின நாளே தெங் ரிப்பனைக் கழற்றி, கருவிகளைத் துடைத்து, மேசை மேசையாக வைத்தார். மருத்துவமனையிலிருந்து வெள்ளைக் கோட்டுகள் இரவல் வந்தன. நகம் சுத்தமாக, பார்க்க லட்சணமாக இருக்கிற பிள்ளைகளைப் பொறுக்கினார். சுன்யா உயரம், அதனால் முன்வரிசை. கண்ணைக் குழாயில் வைக்க வேண்டும், கையால் தொடக் கூடாது. இதுதான் கட்டளை. படம் எடுக்கும்போது மட்டும் திருகின்மேல் விரல் படலாம், திருப்பக் கூடாது.

நான் விடியற்காலையிலேயே போய் ஒவ்வொரு கருவியிலும் வெங்காயத் தோலை வைத்து, வெளிச்சம் விழ அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். சும்மா வைத்தேன். இல்லை, சும்மா வைக்கவில்லை.

அதிகாரிகள் நடந்துவந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சிலை. சுன்யாவின் கை மட்டும் அசைந்தது. நீ எழுதியதைப் போலவே பக்கத்தில் குனிந்து பார்த்து இறக்கினாள், கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஏற்றினாள். பிறகு அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "மாமா, செங்கல் சுவர் மாதிரி இருக்கு. ஒவ்வொரு செங்கல்லயும் ஒரு பொட்டு."

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, செய்முறைக் கல்வி இங்கே நன்றாக நடக்கிறது என்று தெங்கின் தோளைத் தட்டினார். தெங் சிரித்தார். அவர்கள் வண்டி மலை திரும்பியதும் அறையைப் பூட்டினார். கட்டளை மீறியதற்காக ஒரு வாரம் கழிப்பறை கழுவச் சொன்னார் அவளை. பரவாயில்லை மாமா, என்றாள், முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு. ஆறு மாதம் காற்றைத் திருகிய வகுப்பில் ஒருத்தி கண்டுவிட்டாள், அக்கா. அதை இனி யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

ஷோயி

---

டோங்குவான்
ஏப்ரல் 14, 2004

தம்பி ஷோயிக்கு,

நலமா? உருளைக்கிழங்கு நட்டாயிற்றா? கையில் சின்ன வெட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல அயேன் எழுதுகிறாள்.

உன் கடிதம் வந்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அந்தப் பொட்டுக்கு என்ன பெயர்? உட்கரு என்று அயேன் சொல்கிறாள், அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் மகள் அதைக் கண்ணால் கண்டாள். இனி அந்தத் தேர்வில் அவளை யாரும் அசைக்க முடியாது. இல்லையா?

கழிப்பறை கழுவியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தெங்கோடு சண்டை வேண்டாம். தேர்வு முடிகிற வரைக்கும் குனிந்து போ. முடிந்த அன்றே எழுது.

அக்கா

(அயேன் எழுதுவது: வாத்தியார் தம்பி, உங்க அக்கா அந்தக் கடுதாசிய என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி உயிரை வாங்கிட்டாங்க. இப்போ எனக்கே மனப்பாடம். அடுத்த தடவை கொஞ்சம் சின்னதா எழுதுங்க.)

---

லியூஷுபா
மே 30, 2004

அக்காவுக்கு,

நலமா? கை ஆறியதா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலத்தில் ஒரு பலகை போய்விட்டது. நாற்று நட்டுவிட்டார்கள். உருளைக்கிழங்கில் ஒரு நோய் வந்திருக்கிறது, இலை கருகுகிறது, ஆனால் எல்லா வயலிலும் இல்லை.

செய்முறைத் தேர்வு முடிந்தது. மலைப் பாதையில் பேருந்தில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். சுன்யா நலம். ஜூனில் எழுத்துத் தேர்வு, படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஷோயி

---

டோங்குவான்
ஜூன் 19, 2004

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன், பதில் எழுது.

மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். பாலத்தைப் பற்றி, உருளைக்கிழங்கைப் பற்றி. அதையெல்லாம் நான் கேட்கவில்லை. செய்முறையில் சுன்யாவுக்கு எவ்வளவு? எழுத்துத் தேர்வு எப்படி? வாந்தி எடுத்த பிள்ளைகள் யார் பெற்றவையோ, என் பிள்ளையைப் பற்றிச் சொல்.

இந்த மாத முடிவுக்குள் தெரிந்தாக வேண்டும். ஏன் என்று கேட்காதே. இங்கே நான் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா

---

டோங்குவான்
ஜூலை 11, 2004

ஷோயி,

உயிரோடு இருக்கிறாயா? அவள் உயிரோடு இருக்கிறாளா? அதையாவது எழுது.

அக்கா

---

லியூஷுபா
ஜூலை 24, 2004

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். பேனாவை எடுத்தால் மழைதான் எழுத வந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

சுன்யாவுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் இல்லை. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். அந்தக் கொஞ்சம் செய்முறையில் போனது. மதிப்பெண் குறைந்தவர்கள் இடத்தை விலைக்கு வாங்கலாம். நம்மால் ஆகாது என்று உனக்கும் தெரியும்.

நடந்தது இது. தேர்வுக்கூடத்தில் சீட்டு எடுத்து மேசைக்குப் போக வேண்டும். அவளுக்கு விழுந்த மேசையில் இருந்த கருவிக்கு லென்ஸ் இல்லை. யாரோ கழற்றி விற்றிருக்க வேண்டும், அல்லது விழுந்து போயிருக்க வேண்டும். வளையம் இருக்கிறது, உள்ளே வெறும் ஓட்டை. வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். காலையிலிருந்து அதே கருவியில் பிள்ளைகள் வந்து வந்து உட்கார்ந்தார்கள். அசைவுகளைச் செய்தார்கள், கையைத் தூக்கி "தெரியுது சார்" என்றார்கள், பாடப்புத்தகப் படத்தை வரைந்து கொடுத்தார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். நம் தியேயும் அதில் ஒருவன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு வருடம் காற்றில் செல்லைப் பார்க்கப் பழக்கியவன் நான். ஓட்டையில் பார்த்தது அதைவிடத் தேவலை.

நான் வாசலில் நின்றிருந்தேன், கதவு திறந்திருந்தது. சுன்யா தோலை உரித்தாள், குமிழி இல்லாமல் மூடினாள், சுத்தமான வேலை. பார்த்தாள், திருகினாள், மறுபடி பார்த்தாள். கையைத் தூக்கி, "சார், ஒண்ணும் தெரியல" என்றாள்.

தேர்வாளர் வேறு ஊர் ஆசிரியர். எழுந்து வரக்கூட இல்லை. "நல்லாப் பாரு."

"பாத்தேன் சார். வெறும் வெளிச்சந்தான். செல் இல்ல."

"உனக்கு முன்னாடி உக்காந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுது. உனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்குச் செல் எப்படி இருக்கும்னு தெரியும் சார். இது அது இல்ல."

அவர் அவள் தாளில் கடைசி இரண்டு மதிப்பெண் கட்டத்தையும் அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் உள்ளே போய்க் கருவியைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினேன். என்னை வெளியே தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு கல்வி அலுவலகத்துக்கு நடையாக நடந்தேன். அங்கே இருந்த எழுத்தர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "கருவி கெட்டிருந்துச்சுன்னா மத்தவங்க எப்படிப் பாத்தாங்க, வாத்தியாரே?" கருவியைக் காட்டுங்கள் என்றேன். அது வேறு பள்ளிக்குப் போய்விட்டதாம். வழி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் யாராவது, தனக்கும் செல் தெரியவில்லை, பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தியேயின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எம் பையன விட்டுருங்க. ஒருத்தனாவது கரையேறட்டும்" என்றாள். எழுதிக் கொடுத்தால் அவனுக்கும் இடம் போகும், சுன்யாவுக்கும் வராமல் போகலாம். எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பரிலிருந்து எனக்கு வகுப்பு இல்லை என்று தெங் சொல்லிவிட்டார். அது இருக்கட்டும்.

சுன்யா அழவில்லை. பேருந்தில் வரும்போது ஒரே ஒரு தடவை, "நான் தப்பாச் சொல்லிட்டேனா மாமா?" என்று கேட்டாள்.

ஒரு வருடம் திரும்பப் படிக்கட்டும், அக்கா. மூட்டை தூக்கியாவது சோறு போடுகிறேன். ஒரே ஒரு வருடம் பொறுத்துக்கொள்.

ஷோயி

---

டோங்குவான்
ஆகஸ்ட் 8, 2004

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அயேன் படித்துக் காட்டினாள்.

கையில் வெட்டு எதுவும் இல்லை. குளிர்காலத்திலேயே வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பால் ஊற்றிய மாதிரி இருக்கிறது. கொஞ்ச நாள் பழக்கத்தில் கையாலேயே வேலை செய்து ஏமாற்றினேன். ஜூனில் பிடித்துவிட்டார்கள். போகச் சொன்னார்கள். வரிசைத் தலைவி ஒன்று சொன்னாள்: மகள் இருந்தால் கொண்டுவந்து உன் இடத்தில் உட்காரவை, படுக்கையை விட்டுவைக்கிறோம், நீ கூட்டிப் பெருக்கிக்கொண்டு இரு என்று. என் மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறாள் என்றேன். மாத முடிவுக்குள் யோசித்துச் சொல் என்றாள், அதனால்தான் உன்னை அவசரப்படுத்தினேன். உன் பதில் வரும், அதைக் காட்டித் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியேறலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறாய். எதை வைத்துப் பொறுக்க?

உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. நீ அவளுக்கு எது கற்றுத்தரவில்லை? எல்லா வாத்தியாரும் கற்றுத்தருகிற பொய்யை மட்டும்தான். அதையும் கற்றுத்தந்திருக்கலாம்.

சுன்யாவுக்கு, பதினாறு முடிந்த அவள் பெரியப்பா மகளின் அடையாள அட்டையை வாங்கிக் கொடுத்து ரயிலேற்றிவிடு.

யின்ஹுவா

---

டோங்குவான்
செப்டம்பர் 19, 2004

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? செங்கல் சூளையில் வேலை கிடைத்ததாக அயேன் அக்காவின் ஊர்க்காரர் சொன்னார். கையில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இங்கே என் பெயர் அட்டையில் இருக்கிற பெயர்தான். யாராவது கூப்பிட்டால் திரும்பக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

முதல் நாள் புதுப் பெண்கள் எல்லாரையும் கருவி முன்னால் உட்காரவைத்து, வரிசைத் தலைவி ஒரு சில்லைப் பார்க்கச் சொன்னாள். எல்லாரும் சரியாக இருக்கிறது என்றார்கள். நான் பக்கத்திலிருந்து இறக்கி, கண்ணைத் தள்ளி வைத்து ஏற்றினேன். மயிரிழை மாதிரி தங்கக் கம்பிகள். ஒன்று மட்டும் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"பள்ளிக்கூடத்துல."

"எந்தப் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றாங்க?" என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே என்னை முதல் வரிசையில் போட்டாள். மற்றவர்களுக்கு ஒரு மாதம் பழக்கம் கொடுத்த பிறகுதான் அந்த இடம்.

மாமா, நீங்கள் இன்னும் அலுவலகத்துக்கு மனு எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். தியேயின் வீட்டுக்கும் போகாதீர்கள். அவன் போன வாரம் எனக்கு எழுதினான். மேல்நிலைப் பள்ளியிலும் கருவிகளைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்களாம்.

அம்மா தாழ்வாரம் பெருக்குகிறாள். சுவரைத் தடவிக்கொண்டே சுத்தமாகப் பெருக்குகிறாள். நேற்று வேலை முடிந்து வெளியே வந்தபோது கதவருகே நின்றிருந்தாள். கூட்டமாக வந்த பெண்களில் நான் யார் என்று தெரியாமல், ஒவ்வொருத்தி கையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தாள். என் முகத்தைத் தடவி, இமையை விரலால் அழுத்தி, "கண்ணு வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

"வலிக்கலம்மா" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுன்யா